தமிழ்நாட்டு நூலகர் பயிற்சியும் தமிழ் நூற்பட்டியலும்

முன்னுரை

தமிழ்நாட்டுப் பொது நூலக இயக்கத்தின் வரலாற்றை ஆராய்வோர் 1948ஆம் ஆண்டுச் சென்னைப் பொது நூலகச் சட்டத்தையே அதன் தலைவாயிலாகக் கொள்வது வழக்கம். இந்திய நாடு விடுதலை பெற்றபின் பொது நூலகங்களுக்கென இயற்றப்பெற்ற முதற் சட்டம் அஃதே ஆதலின், அங்ஙனம் கொள்வதிற் குறையொன்றும் இல்லை. ஆயினும், அச்சட்டம் தோன்றுதற்குப் பத்தொன்பது ஆண்டுகட்கு முன்னரே, 1929ஆம் ஆண்டில், நூலகப் பணி புரிவோர்க்குப் பயிற்சியளிக்கும் பள்ளியொன்று சென்னையில் தொடங்கப்பெற்றது. நூலக வரியும் அதனைச் செலவிடும் அமைப்பும் வருமுன்னர்ப் பயிற்சி வந்தது. நூலகத்தின் உயிர் நூலகரிடத்தே உள்ளது என்னும் கொள்கை அக்காலத்தே இங்கு வேரூன்றியிருந்தமையே இதற்குக் காரணமாகும்.

அப்பயிற்சி எவ்வாறு தோன்றியது, தமிழ் நூல்களைப் பொறுத்தவரை அது கண்ட உண்மைகள் யாவை, அவை மாவட்ட நூலகரையும் ஊர்ப்புற நூலகரையும் எட்டுதற்கு இன்று செய்யத்தக்கது யாது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். தமிழ் ஆராய்ச்சி இதழில் இப்பொருள் இடம்பெறுதற்கு ஏதுவும் உண்டு. தமிழ் நூலைப் பட்டியலிடுதல் இலக்கிய வரலாற்றறிவின்றி முற்றுப்பெறாத செயலாகும். தவறான பெயரின்கீழ்ப் பதியப்பெற்ற நூல், அலமாரியில் இருந்தும் படிப்போர்க்கு இல்லாத நூலே. அந்நிலையில் கேடுறுவது ஆராய்ச்சியே ஆதலின், இது நூலகர்க்கு மட்டும் உரிய சிக்கல் எனத் தமிழறிஞர் ஒதுங்குதற்கு இல்லை.

1. பயிற்சியின் தோற்றம்

இந்தியாவில் நூலகர் பயிற்சி முதன்முதல் தோன்றிய இடம் சென்னையன்று. பரோடா மன்னர் மூன்றாம் சயாஜிராவ் அமெரிக்க நாட்டு நூலகர் வில்லியம் ஆலன்சன் போர்டன் என்பாரை வரவழைத்து, 1911இல் பயிற்சி வகுப்பொன்றை நடத்துவித்தார். 1915இல் இலாகூரில், பஞ்சாபுப் பல்கலைக்கழகத்தின் சார்பில், ஆசா டான் டிக்கின்சன் என்னும் மற்றோர் அமெரிக்கர் வகுப்பு நடத்தினார். இவ்விரண்டும் வெளிநாட்டார் கைவழி வந்த பயிற்சிகள். சென்னையில் தோன்றியதோ இந்நாட்டு நூலகர் ஒருவர் வகுத்தது. இந்நாட்டு நூல்களைக் கையாண்டு பெற்ற பட்டறிவின்மீது எழுந்தது. இவ்வேறுபாடு பின்னர்க் கூறவிருக்கும் செய்திகட்கு அடிப்படையாவதால் ஈண்டுக் குறிக்கப்பெற்றது.

அந்நூலகர் சீர்காழி இராமாமிருத அரங்கநாதன் (1892–1972) ஆவர். அவர் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிற் கணிதம் பயின்றவர். சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியிற் பயிற்சி பெற்றவர். அக்கல்லூரி, கிண்டிக்கு வடக்கே, அடையாற்றின் மறுகரையில் உள்ளது. கணித ஆசிரியராய்ப் பணியாற்றி வந்த அவர், 1924ஆம் ஆண்டு சனவரித் திங்களிற் சென்னைப் பல்கலைக்கழக நூலகராய்ப் பொறுப்பேற்றார். பின்னர் இலண்டன் சென்று, அந்நகர்ப் பல்கலைக்கழகக் கல்லூரியின் நூலகப் பள்ளியிற் பயின்று, குராய்டன் நகர நூலகராய் விளங்கிய பெர்விக் சேயர்சிடம் பகுப்புக்கலை கற்று, நூற்றுக்கு மேற்பட்ட நூலகங்களைக் கண்டு, 1925இல் மீண்டார். நூலகராதற்கு முன் ஆசிரியராய் இருந்தமையே அவர்தம் பிற்காலப் பணியின் போக்கை வரையறுத்தது எனலாம். தாம் கற்றதைப் பிறர்க்குக் கற்பித்தல் அவர்க்கு இயல்பாய் அமைந்திருந்தது.

1928ஆம் ஆண்டு சனவரியில் சென்னை நூலகச் சங்கம் நிறுவப்பெற்றது. கே. வி. கிருஷ்ணசாமி ஐயர் அதன் முதல் தலைவராகவும், அரங்கநாதன் முதற் செயலாளராகவும் அமைந்தனர். அவ்வாண்டு டிசம்பரில், சிதம்பரத்து மீனாட்சி கல்லூரியில், நூலகவியலின் ஐந்து விதிகளை அரங்கநாதன் முதன்முறையாக எடுத்துரைத்தார். நூல்கள் பயன்படற்பொருட்டே உள்ளன என்னும் முதல் விதிக்குரிய சொல்லமைப்பைத் தமக்குத் தந்தவர் தம் கணித ஆசான் எட்வர்டு ராசு என்பதை அவரே பதிந்துள்ளார். இவ்விதிகள் தலைநகரிலன்றித் தில்லையில் ஆசிரியர் குழுவின்முன் முதற்கண் ஒலித்தமை, அவ்வியக்கம் வெளியூர்களையும் தன் களமாகக் கொண்டிருந்தது என்பதற்குச் சான்றாகும்.

அடுத்த ஆண்டு, 1929இல், சங்கத்தின் சார்பிற் கோடைப் பள்ளி தொடங்கிற்று. கோடை விடுமுறையில் நடந்தமையின், பாடஞ்சொல்லும் கடமையோடு நூலகப் பொறுப்பையும் ஏற்றிருந்த வெளியூர் ஆசிரியர்களும் வந்து பயில வாய்ப்பாயிற்று. 1931இல் சென்னைப் பல்கலைக்கழகம் அப்பள்ளியைத் தன் பொறுப்பில் ஏற்றுக்கொண்டது. 1937இல் அது பட்ட மேற்படிப்பிற்குரிய பட்டய வகுப்பாக உயர்ந்தது. 1956இல் அரங்கநாதன் தம் சேமிப்பிலிருந்து ஓரிலட்சம் உரூபாவை இப்பல்கலைக்கழகத்திற்கு அளித்து, தம் துணைவியார் சாரதா அம்மையார் பெயரும் இணைய, நூலகவியற் பேராசிரியர் பதவியொன்றிற்கு வழிசெய்தார். சங்கம் விதைத்தது பல்கலைக்கழகத்தில் வளர்ந்து நிலைபெற்ற வரலாறு இதுவாகும்.

2. செய்தியும் துணைநூலும்

பயிற்சி முடிந்து தம் ஊர் சென்ற நூலகர்க்குப் பின்னர்த் துணையாவது யாது? சுற்றிலும் அவர்தம் தொழிலை அறிந்தார் ஒருவரும் இலர். புதிதாய் வெளிவந்த நூல் எது, அதனை எப்பகுப்பில் வைப்பது, பிற ஊரார் என்ன செய்கின்றனர் என வினவுதற்கு ஆளில்லை. இக்குறையைச் சங்கமே தன் வெளியீடுகளால் ஓரளவு நிறைவு செய்தது. 1929இல் நூலக இயக்கம் பற்றிய கட்டுரைத் தொகுதியொன்றை வெளியிட்டது. அரங்கநாதனின் ஐந்து விதிகள் பற்றிய நூல் 1931இலும், கோலன் பகுப்பு 1933இலும், பட்டியல் விதிகள் 1934இலும் அச்சங்க வெளியீடுகளாகவே வந்தன. உலக நூலகவியலின் அடிப்படை நூல்களுள் வைத்தெண்ணப்பெறும் இவை, சென்னையில் ஒரு சிறு சங்கத்தின் வெளியீட்டு வரிசையிற் பிறந்தன என்பது நாம் பெருமை கொள்ளத்தக்கது.

அனைத்திந்திய அளவில் 1933இல் இந்திய நூலகச் சங்கம் தோன்றிற்று. 1949இல் அரங்கநாதனை ஆசிரியராகக் கொண்டு அச்சங்கம் மூன்று பகுதிகளையுடைய பருவ இதழொன்றைத் தொடங்கியது. ஆராய்ச்சிக்கு ஒரு பகுதியும், செய்திகட்கு ஒரு பகுதியும், இந்தி மொழிக்கு ஒரு பகுதியும் அதில் அமைந்தன. ஆராய்ச்சியும் செய்தியும் வேறு வேறு தேவைகள் என்பதையும், நாட்டுமொழியில் தொழிற்செய்தி வேண்டும் என்பதையும் அவ்விதழ் உணர்ந்திருந்தது.

தமிழைப் பொறுத்தவரை நிலைமை யாது? மேற்கூறிய அடிப்படை நூல்கள் அனைத்தும் ஆங்கிலத்தில் எழுந்தன. ஊர்ப்புற நூலகர் நாள்தோறும் கையாள்வதோ தமிழ் நூல்; உரையாடுவதோ தமிழ் மக்களோடு. 1931இல் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை என்பார் மாட்டுவண்டியொன்றை நடமாடும் நூலகமாக அமைத்து, சுற்றியிருந்த சிற்றூர்கட்கு நூல்களை அனுப்பினார். அவ்வண்டியோடு செல்லும் ஒருவர்க்குப் பயன்படும் கையேடு ஆங்கிலத்தில் இருந்து ஆவதென்ன? இந்த இடைவெளியை நிரப்புதற்குப் பின்னாளில் உழைத்தவருள் வே. தில்லைநாயகம் முன்னிற்பவர். கன்னிமரா நூலகத்தின் நூலகராய் விளங்கி, 1972இல் தமிழ்நாட்டுப் பொது நூலகத்துறை தனித்துறையானபோது அதன் இயக்குநராய் அமர்ந்த அவர், இந்திய நூலக இயக்கம் முதலாய நூல்களைத் தமிழிலேயே எழுதினார். பகுப்பு, பட்டியல், நூலகம் முதலாய சொற்கள் கலைச்சொற்களாய் நிலைபெறுதற்கு இத்தகையோர் எழுத்துத் துணைசெய்தது.

3. ஆசிரியர் பெயரும் பதிவு விதியும்

இனி, சென்னைப் பயிற்சியின் தனிச்சிறப்பிற்கு வருவோம். மேனாட்டு முறையில், ஆசிரியர் பெயரின் இறுதிச் சொல்லே குடிப்பெயராதலின், அதுவே பதிவின் முதற்சொல்லாகும். இவ்விதியை அவ்வாறே தமிழ்ப் பெயர்கட்குப் பொருத்தின் நேர்வது யாது? உ. வே. சாமிநாத ஐயரும் மு. இராகவையங்காரும் முறையே ஐயர், ஐயங்கார் என்னும் தலைப்புகளிற் சென்று மறைவர், ச. வையாபுரிப் பிள்ளையும், மனோன்மணீயம் இயற்றிய பெ. சுந்தரம் பிள்ளையும் பிள்ளை என்னும் ஒரே தலைப்பில் நூற்றுக்கணக்கானவரோடு கலந்து நிற்பர். திரு. வி. கலியாணசுந்தர முதலியாரைத் தேடுவோர் முதலியார் அனைவரையும் புரட்டல் வேண்டும்.

1934ஆம் ஆண்டுப் பட்டியல் விதிகள் இதனை நன்கு உணர்ந்தன. தென்னிந்தியப் பெயர்களில் இறுதிச் சொல் சாதியையோ குழுவையோ மட்டும் சுட்டுவதாயின், அதனைத் தனியே பிரித்து முன்னிறுத்தாமல், அதற்கு முன்னுள்ள இயற்பெயரையும் சேர்த்து இயல்பான வரிசையிலேயே தலைப்பாகக் கொள்க என்பது அவ்விதியின் கருத்து. ஊர், தந்தை ஆகியோரைக் குறிக்கும் தலையெழுத்துகள் பின்னே செல்லும். இதன்படி, சாமிநாத ஐயர் என்பது தலைப்பாய், உ. வே. என்பது அதனை அடுத்து நிற்கும். சிறு விதியே எனினும், இதனை ஆக்குதற்குத் தமிழ்ப் பெயரமைப்பை அறிதல் இன்றியமையாததாயிற்று. இலண்டனிற் கற்ற பாடம் இதற்குப் போதவில்லை.

இவ்விதியும் சிக்கல் அனைத்தையும் தீர்த்துவிடவில்லை. சைதாப்பேட்டையையும் கிண்டியையும் இணைக்கும் பாலம் இன்று மறைமலையடிகள் பெயரைத் தாங்கியுள்ளது. வேதாசலம் என்னும் பெயரினராய் நூல் எழுதத் தொடங்கிய அவ்வறிஞர், 1916ஆம் ஆண்டளவில் மறைமலை எனத் தம் பெயரைத் தமிழாக்கிக் கொண்டார். ஆதலின் அவர்தம் முந்திய பதிப்புகள் ஒரு பெயரிலும், பிந்திய பதிப்புகள் மற்றொரு பெயரிலும் உள்ளன. வி. கோ. சூரியநாராயண சாஸ்திரியார் தனிப்பாசுரத் தொகையைப் பரிதிமாற் கலைஞன் என்னும் பெயரால் வெளியிட்டார். தமிழ்மொழியின் வரலாற்றையோ இயற்பெயரால் வெளியிட்டார். இருபெயரும் ஒருவரையே குறிக்கும் எனும் இணைப்புக் குறிப்புப் பட்டியலில் இல்லையாயின், ஆராய்ச்சி மாணவர் பாதியைக் கண்டு முழுமையெனக் கொள்ளும் ஏதம் நேரும்.

பழம்புலவர் பெயர்களிலோ இதற்கு எதிர்மாறான இடர் உண்டு. ஒரு பெயர் பலரைக் குறிக்கும். சங்கச் செய்யுள் பாடிய ஔவையாரும், நீதிநூல் செய்த ஔவையாரும் வேறாவர். சங்கக் கபிலரும் பதினோராந் திருமுறைக் கபிலதேவ நாயனாரும் ஒருவரல்லர். நக்கீரர்க்கும் நக்கீரதேவ நாயனார்க்கும் இஃதொக்கும். இவற்றைப் பிரித்து வைத்தல் நூலகவியல் விதியால் ஆவதன்று. இலக்கிய வரலாற்றின் முடிபால் ஆவது. ஈண்டே நூலகரும் தமிழறிஞரும் ஒருவரை ஒருவர் வேண்டி நிற்கின்றனர்.

4. பகுப்புமுறையிற் தமிழின் இடம்

பகுப்பிலும் இவ்வுண்மையே புலனாகும். தமிழ் நூல்களைப் பொருள்வகையாற் பகுத்து அச்சிட்ட முற்காலப் பட்டியல்களுள் சிறந்தது ஜான் மர்டாக் 1865இல் சென்னையில் வெளியிட்டதாகும். சமய வேறுபாடுகள் அப்பகுப்பிற் பேரிடம் பெற்றன. சமயத் தொண்டு புரிந்த ஒருவர் அங்ஙனம் வகுத்தது இயல்பே. எந்தப் பகுப்பும் அதனை வகுத்தோரின் நிலையிலிருந்தே உலகைக் காண்கின்றது என்பதற்கு அஃதோர் எடுத்துக்காட்டு.

அமெரிக்க நாட்டு மெல்வில் டூயி வகுத்த பதின்மப் பகுப்பில், தமிழ் இலக்கியத்திற்குரிய எண் 894.811 என்பதாகும். ஐரோப்பிய இலக்கியங்கள் முதலெண்களைத் தனித்தனியே பெற, ஏனைய மொழிகள் அனைத்தும் 890 என்னும் ஒரு பிரிவினுள் அடக்கப்பெற்றன. துருக்கி, அங்கேரி, பின்லாந்து மொழிகளின் இலக்கியங்களோடு தமிழ் ஆங்கு ஒரு கிளையினுட் கிளையாய் நிற்கின்றது. தமிழ் நூல்களே மிகுதியாயுள்ள ஊர்ப்புற நூலகத்தில், ஒவ்வொரு நூலின் முதுகிலும் இவ்வாறிலக்க எண்ணை எழுதியபின்னரே ஆசிரியரை வேறுபடுத்தும் குறி தொடங்கல் வேண்டும்.

கோலன் பகுப்பில் இலக்கியத்தைக் குறிக்கும் ஓ என்னும் உரோம எழுத்தை அடுத்து 31 என எழுதின், தமிழ் இலக்கியம் என்பது முற்றும் பெறப்படும். அதன்மேல் செய்யுள், நாடகம், புனைகதை என்னும் வடிவமும், பின்னர் ஆசிரியரும், பின்னர் நூலும் வரிசையாய் அமையும். மூலநூல், அதன் பதிப்புகள், உரைகள், உரைக்கு எழுந்த விளக்கங்கள் ஆகியன ஓரிடத்தே அடுத்தடுத்து நிற்குமாறு செவ்வியல் நூல்கட்கெனத் தனி உத்தியொன்றும் அதில் வகுக்கப்பெற்றது. தொல்காப்பியத்தையும் அதற்கு இளம்பூரணர், சேனாவரையர், பேராசிரியர், நச்சினார்க்கினியர், தெய்வச்சிலையார், கல்லாடர் முதலியோர் வகுத்த உரைகளையும் அலமாரியில் ஒழுங்குற வைத்தற்கு இதனினும் ஏற்ற முறை அரிது. மூலத்தோடு உரையையும் ஒருசேரப் போற்றும் மரபினை அறிந்த ஒருவர் சிந்தனையிலேயே இவ்வுத்தி முளைக்கும்.

ஆயின் அதனிலும் ஓர் இடர் உண்டு. ஆசிரியரை அவர் பிறந்த ஆண்டினாற் குறிப்பது கோலன் முறை. பாரதியார்க்கு 1882 எனத் தயக்கமின்றி எழுதலாம். கபிலர்க்கும் பரணர்க்கும் எவ்வாண்டை எழுதுவது? காலவாராய்ச்சியில் அறிஞர் ஒருமைப்படாத நிலையில், நூலகர் ஏதேனும் ஒரு முடிபைக் கைக்கொண்டே தீரவேண்டும். ஒரு மாவட்டத்தார் ஒரு முடிபையும், மற்றொரு மாவட்டத்தார் வேறொரு முடிபையும் கொண்டால், ஒரே புலவர் இரண்டு நூலகங்களில் இரண்டு நூற்றாண்டிற்கு உரியவராய்த் தோன்றுவர்.

இக்காலத்தே இதே பல்கலைக்கழகத்திற் தமிழ்ப் பேரகராதி உருவாகி வந்தமை கருதத்தக்கது. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாய் அது வெளிவந்தது. ஒருபால் சொற்களை வரிசைப்படுத்தும் பணியும், மற்றொருபால் நூல்களை வரிசைப்படுத்தும் பணியும் ஒரே நிறுவனத்தின் ஆதரவில் நடைபெற்றன. அகரவரிசை, வடிவ வேறுபாடு, காலம், ஆசிரியர் ஆகிய சிக்கல்கள் இரண்டிற்கும் பொதுவானவை. இவ்விரு பணிகளும் இணைந்து தமிழ் ஆசிரியர் பெயர்த் தொகுதியொன்றை அன்றே ஆக்கியிருப்பின், பின்வந்த நூலகர் பெரும்பயன் எய்தியிருப்பர்.

5. சட்டத்திற்குப் பின்

கல்வியமைச்சர் தி. சு. அவிநாசிலிங்கம் செட்டியார் காலத்தில் இயற்றப்பெற்ற 1948ஆம் ஆண்டுச் சட்டம், சென்னை நகர்க்கும் மாவட்டங்கட்கும் நூலக ஆணைக்குழுக்களை அமைத்தது; சொத்துவரியோடு நூலக வரி தண்டுதற்கு வழிவகுத்தது. 1950ஆம் ஆண்டு ஏப்ரல் முதல், 1896இல் திறக்கப்பெற்ற கன்னிமரா நூலகம் மாநில மைய நூலகமாயிற்று. 1954ஆம் ஆண்டு நூல் வழங்கற் சட்டத்தின்படி, இந்திய நாட்டில் வெளியாகும் நூல்களின் படிகளைப் பெறும் நான்கு நூலகங்களுள் அதுவும் ஒன்றாயிற்று.

நூல்கள் வந்து குவிந்தமையின் அவற்றை அறிவிக்கும் பட்டியல்களும் எழுந்தன. 1958 முதல் ஒழுங்காக வெளிவந்த இந்திய தேசிய நூற்பட்டியல், எல்லா மொழி நூல்களையும் உரோம எழுத்திற் பெயர்த்துப் பதிந்தது. நாடு முழுவதற்கும் ஒரே வரிசை வேண்டுமாயின் அது தேவையே. ஆயினும் தமிழ் மட்டும் அறிந்த நூலகர்க்கு அதனால் விளைந்த பயன் சிறிது. தமிழ் வளர்ச்சி ஆராய்ச்சி மன்றம் 1960களில் வெளியிடத் தொடங்கிய தமிழ் நூல் விவர அட்டவணை, 1867ஆம் ஆண்டு அச்சுப் பதிவுச் சட்டத்திற்குப்பின் வெளிவந்த தமிழ் நூல்களைத் தமிழிலேயே தொகுத்துக் காட்டிற்று. தமிழ் நூலகர்க்கு உண்மையான துணைநூல் எத்தகையது என்பதை இவ்விரு பட்டியல்களையும் ஒப்பிட்டு உணரலாம்.

6. இற்றை நிலை

இன்று தமிழ்நாட்டிற் பொது நூலகங்கள் நாலாயிரத்திற்கும் மேற்பட்டன. கிண்டியை நடுவாகக் கொண்டு நோக்கின், தமிழ் நூலறிவிற்கு வேண்டும் கருவிகள் அணித்தே நெருங்கியிருத்தல் புலப்படும். கோட்டூர்புரத்தில் 2010இல் திறக்கப்பெற்ற அண்ணா நூற்றாண்டு நூலகமும், தமிழ் மின்னூலகத்தை நடத்தும் தமிழ் இணையக் கல்விக்கழகமும் உள்ளன. அடையாற்றில் 1886இல் தோன்றிய பிரம்மஞான சபை நூலகமும், பெசன்ட் நகரில் உ. வே. சாமிநாத ஐயர் நூல்நிலையமும், தரமணியில் உரோசா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனமும் உள்ளன. சுவடி, அரிய பதிப்பு, பருவ இதழ், மின்படி ஆகிய நான்கையும் சில கல் தொலைவிற்குள் காணலாம்.

கணினி வந்தபின் பழைய பட்டியல் விதிகட்கு வேலையில்லை என்பார் உளர். அக்கூற்றுப் பொருந்தாது. சாமிநாத ஐயர், சாமிநாதையர், சுவாமிநாதையர் என்னும் மூன்று வடிவங்களும் மனிதர்க்கு ஒருவரே, கணினிக்கு மூவர். அட்டைப் பட்டியலில் அருகருகே நின்றமையாற் கண்ணிற் பட்ட வேற்றுவடிவங்கள், கணினித் தேடலில் முற்றும் மறைந்துபோதல் கூடும். இணைப்புக் குறிப்பின் இன்றியமையாமை முன்னினும் இன்று மிகுந்துள்ளது. நூலகவியல் பயில வருவோர் பல துறைகளிற் பட்டம் பெற்றவர்; அவர் அனைவரும் தமிழிலக்கிய வரலாறு கற்றவராய் இருத்தல் இயலாது. அவ்வறிவை அவர்க்கு வழங்கவேண்டியவர் தமிழ்த்துறையினரே.

செய்யத்தக்கன இரண்டு. ஒன்று, தமிழ் ஆசிரியர் பெயர்களின் நிலைத்த வடிவம், வேற்றுவடிவம், புனைபெயர், காலம் ஆகியவற்றைத் தரும் பொதுத் தொகுதி. காலம் துணியப்படாத இடத்து அதனை வெளிப்படக் கூறி, பட்டியலின் பொருட்டுக் கொள்ளத்தக்க ஒரு முடிபை அது தருதல் வேண்டும். மற்றொன்று, மாவட்ட, கிளை நூலகர்கட்கு ஆண்டுதோறும் கோடையிற் சில நாள்கள் தமிழ் நூலறிவு பற்றிய வகுப்பு. நூலகர் தாம் கண்ட ஐயப்பாடான பதிவுகளை அவ்வகுப்பிற்குக் கொணர்தல் வேண்டும். தமிழாசிரியர் அவற்றிற்கு விடை காண முயலல் வேண்டும். அவ்விடைகளே ஆண்டுதோறும் அத்தொகுதியை வளர்க்கும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், தமிழ்நாட்டில் நூலகர் பயிற்சி நூலகச் சட்டத்திற்கு முன்னரே தோன்றியது என்பதும், அப்பயிற்சி இந்நாட்டுப் பெயர்மரபையும் நூன்மரபையும் கருதித் தன் விதிகளை ஆக்கிக்கொண்டமையாற் சிறப்புற்றது என்பதும், அவ்விதிகளின் நிறைவிற்கு இலக்கிய வரலாற்றறிவு இன்றியமையாதது என்பதும் பெறப்படும். சென்னை நூலகச் சங்கத்தார் 1929இற் கோடைப் பள்ளி தொடங்கியபோது நூலக வரி இல்லை. மாவட்ட மைய நூலகம் இல்லை. கற்பிக்க விரும்பினாரும் கற்க வந்தாரும் இருந்தனர். சென்னை அண்ணா சாலையிலுள்ள மாவட்ட மைய நூலகம் இன்று தேவநேயப் பாவாணர் பெயரால் வழங்குகின்றது. நூலகத்திற்குத் தமிழறிஞர் பெயர் சூட்டுதல் சாலச் சிறந்ததே. அதனுட் பதியப்பெறும் ஒவ்வொரு தமிழ் நூலும் உரிய பெயரின்கீழ் உரிய இடத்தில் அமையுமாறு துணைநிற்றல், அப்பெயர்க்கு நாம் செய்யும் முறைமையாகும்.